அக்கறையில்லாத சாட்சி

"சார், இந்த வார்த்தை இங்க சரியா வருமா?" என்று ஷர்மிளா பானு கேட்டபோது சிகாமணியின் பேனா முப்பத்தொன்றாம் பக்கத்தின் அடியில் பாதிக் கையெழுத்தில் இருந்தது. சுழி போட்டாயிற்று, வாலை இழுக்கவில்லை. அவர் நிமிரவில்லை. அறுபத்திரண்டு பக்கங்களிலும் கையெழுத்து வேண்டும், கடைசிப் பக்கத்தில் 'தமிழ் மூலத்தின் உண்மையான மொழிபெயர்ப்பு' என்ற ரப்பர் முத்திரைக்குக் கீழே முழுப்பெயர் வேண்டும், மூன்றரைக்குச் சொர்ணப்பன் தள்ளுவண்டியோடு வந்து நின்றுவிடுவான். சுவர்க் கடிகாரம் மூன்று பத்து காட்டியது. ஐந்து நிமிடம் முந்திப் போகிற கடிகாரம். "எந்த வார்த்தை?" என்றார், வாலை இழுத்தபடி. அவள் தன் மேசையிலிருந்து எழுந்து வந்து எதிரில் நின்றாள். ஹைகோர்ட் மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, இன்னும் அவர் முன்னால் உட்காருவதில்லை. விரலைக் காகிதத்தில் படாமல் ஓரங்குலம் மேலே நிறுத்திப் பன்னிரண்டாம் வரியைக் காட்டினாள். அன்இன்ட்ரஸ்டட். பழக்கடை மாரிக்கனியின் வாக்குமூலம் அது. மார்க்கெட்டில் சுமை தூக்கும் முத்துக்காளை மண்டிக்காரர் ஒருவரைக் குத்திக் கொன்றான் என்று கீழ்க்கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்திருந்தது, அதன்மேல் அப்பீல். குத்து விழுந்த நேரத்தில் தன் கடை வாசலில் அவன் வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தான் என்று சொன்னவள் மாரிக்கனி ஒருத்திதான், மார்க்கெட்டில் மற்ற எவரும் வாய் திறக்கவில்லை. அரசு வக்கீல் குறுக்கு விசாரணையில், எதிரி உனக்கு வேண்டியவன்தானே என்று கேட்டிருக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கோர்ட் தமிழில் எதிரி என்று பெயர். அவள் சொன்ன பதில் சொன்னபடியே தட்டச்சாகியிருந்தது: 'எனக்கு இவனும் வேண்டியவன் இல்ல, செத்தவரும் வேண்டியவர் இல்ல. கேட்டதுக்குச் சொல்லுதேன்.' இரண்டு வாரத்துக்கு முன் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது சிகாமணியின் கை எங்கேயும் நிற்கவில்லை. இறந்தவர் மீதும் எதிரி மீதும் தான் அன்இன்ட்ரஸ்டட் என்று சாட்சி கூறினார். முற்றுப்புள்ளி, அடுத்த வரி.

"டிஸ்இன்ட்ரஸ்டட்தானே சார் வரணும்?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"இல்ல சார். டிஸ்இன்ட்ரஸ்டட்னா அவங்களுக்கு இதுல ஒரு ஆதாயமும் இல்ல, எந்தப் பக்கமும் சாயலைன்னு அர்த்தம். சாட்சிக்கு அது பெரிய பலம். நீங்க போட்டிருக்கிறது, அந்தம்மாவுக்கு இதுல அக்கறையே இல்லைன்னு. எவன் செத்தா என்ன, எவன் உள்ள போனா என்னன்னு."

"நோட்டைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். இருநூத்திப் பன்னெண்டு. இப்படித்தான் இருக்கு."

"அப்ப இருக்கிறபடி போடுங்க."

அவள் போகவில்லை. நோட்டு அவருடைய இடது கையருகில் கிடந்தது. அட்டை கிழிந்து அதற்குப் பழுப்புக் காகிதம் போட்டு, அதுவும் கிழிந்து, இப்போது யாரோ ஒரு நாட்காட்டித் தாளைச் சுற்றியிருந்தார்கள். பிரிவில் சேருகிற எவருக்கும் முதல் நாள் மேசைக்கு முன்பே நோட்டைக் காட்டிவிடுவார்கள். ஒரே வழக்கில் இரண்டு பேர் ஒரு சொல்லை இரண்டு விதமாகப் பெயர்த்து, அதற்காக நீதிபதி ஒருவர் திறந்த கோர்ட்டில் பிரிவையே நிற்க வைத்துத் திட்டிய பிறகு வந்த ஏற்பாடு அது. ஒரு சொல் நோட்டில் ஏறி, பிரிவுத் தலைவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு அகராதி பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. அரிவாளுக்கு இது, வெட்டரிவாளுக்கு இது, கொழுந்தியாளுக்கு இது, முன்விரோதத்துக்கு இது. இருநூற்றுப் பன்னிரண்டாம் சொல் அவருடைய கையெழுத்து. பத்தொன்பது வருடங்களுக்கு முந்தைய கையெழுத்து, இப்போதையதைவிட அழகானது, ஒவ்வோர் எழுத்தும் தனியாக நிமிர்ந்து நிற்கும். சேர்ந்த மூன்றாம் மாதம். வேண்டிய சாட்சிக்கு இன்ட்ரஸ்டட் விட்னஸ் என்று ஏற்கெனவே நோட்டில் இருந்தது. வேண்டியவரல்லாத சாட்சிக்கு எதுவும் இல்லை. இருப்பதற்கு முன்னால் ஓர் அன் சேர்த்தால் இல்லாததாகிவிடும், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அதிலே சந்தேகப்பட என்ன இருந்தது. அகராதி அலமாரியின் சாவி அன்றைக்கு லீவில் போனவரிடம் இருந்தது. இல்லை, அது காரணமில்லை. சாவி இருந்திருந்தாலும் அலமாரியைத் திறந்திருக்கமாட்டார், அவ்வளவு நிச்சயமாக இருந்தது அந்தச் சொல். அப்போதைய தலைவர் பரமேசுவரன் தொலைபேசியில் யாரிடமோ நெல்லிக்காய் லேகியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே அன்று ஏறிய பதினொரு சொற்களுக்கும் ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டார். பச்சை மை. அந்தப் பச்சை இன்னும் வெளுக்கவில்லை. தன் சொல் நோட்டில் ஏறிய நாளன்று மாலை சிகாமணி வீட்டுக்குப் போகும் வழியில் அரைக் கிலோ அல்வா வாங்கினார், மனைவி ஏன் என்று கேட்டதற்கு சும்மாதான் என்றார். நோட்டில் ஒரு மனிதன் ஏறிவிட்டான் என்றால் அவன் ரிட்டயர் ஆகிப் போனாலும் சொல் இருக்கும் என்று அப்போது நினைத்திருந்தார். இருந்துகொண்டுதான் இருக்கிறது.

"சார், இன்னொண்ணு." ஷர்மிளா பானு தன் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தாள். "திங்கக்கிழமையிலேர்ந்து பையிலயே வச்சிருக்கேன். எப்படிக் கேக்கிறதுன்னு தெரியல."

"என்ன அது?"

"ரெண்டு வருசத்துக்கு முந்தின தீர்ப்பு சார். பதினேழாவது பாராவ மட்டும் பாருங்க."

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பள்ளிக்கூடத்து ஆயா ஒருத்தி சாட்சி. இந்தச் சாட்சி தன் வாயாலேயே தனக்கு அக்கறையில்லை என்று ஒப்புக்கொள்கிறார், அக்கறையில்லாத ஒருவர் நடந்ததைக் கவனித்துப் பார்த்திருப்பார் என்றோ நினைவில் வைத்திருப்பார் என்றோ எதிர்பார்க்க முடியாது, எனவே இவருடைய சாட்சியம் ஒதுக்கப்படுகிறது. அவ்வளவுதான். நான்கு வரி. கீழே தண்டனை உறுதி செய்யப்பட்டிருந்தது. இது யாருடைய மொழிபெயர்ப்பு என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அந்த ஆயாவை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். ஆயா என்ன சொன்னாள், யாருக்காகச் சொன்னாள், எந்த ஊர்ப் பள்ளிக்கூடம். ஒன்றும் வரவில்லை. வருடத்துக்கு முந்நூறு வாக்குமூலங்கள், அதிலே ஆயாக்கள் எத்தனை பேர், கிணற்றடியில் நின்றவர்கள், கதவிடுக்கு வழியாகப் பார்த்தவர்கள், சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள். எல்லாரும் அவர் கைவழியாகத்தான் ஆங்கிலத்துக்குள் போனார்கள், போனவர்களில் ஒரு முகம்கூட அவரிடம் தங்கவில்லை. தங்கக்கூடாது என்றுதான் நினைத்திருந்தார். அழுகையைக் கண்டு உருகுகிறவன் மொழிபெயர்க்க லாயக்கில்லை, பெயர்க்கிறவன் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் தெரிந்தால் போதும் என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். இவளிடமும் சொன்னார்.

"ஒரு வார்த்தைய வச்சு எந்த ஜட்ஜும் தீர்ப்பு எழுதமாட்டாரும்மா."

"இதுல எழுதியிருக்காரே சார்."

"மூலம் தமிழ்ல கூடவேதான இருக்கு. சந்தேகம்னா பாத்துக்கிடுவாங்க."

"திங்கக்கிழமை கேக்கப்போற ஜட்ஜுக்குத் தமிழ் தெரியாதே சார். வடக்கேர்ந்து வந்து மூணு மாசம்தான் ஆகுது. இங்கிலீஷ்ல இருக்கிறத மட்டும்தான் படிக்கிறார். பென்சில வச்சு வரிவரியா."

வராந்தாவில் தள்ளுவண்டியின் முன்சக்கரம் கிரீச்சிட்டது. அது இரண்டாவது அறையில் நிற்கும், மூன்றாவது அறையில் நிற்கும், பிறகு இங்கே. சிகாமணி முப்பத்திரண்டாம் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார். முப்பத்துமூன்று. கை தன்பாட்டுக்கு ஓடியது, இடது கண்ணிமை துடித்தது. இரண்டு நாளாகவே துடிக்கிறது, சர்க்கரை ஏறியிருக்கும். எந்தப் பக்கமும் சாயாதவள் என்பதும் அக்கறையில்லாதவள் என்பதும் ஒன்றுதான் என்று கூடப்பிறந்த ராஜகனி அக்கா சொல்லியிருக்கிறாள். ஒன்றுதான் என்று அவள் சொன்னதால் நோட்டு சரியாகிவிடுமா. அக்காவுக்கு அன்னும் தெரியாது டிஸ்ஸும் தெரியாது. பதினொரு வருடத்துக்கு முன் சாத்தான்குளத்து வீட்டில், அண்ணன் தங்கதுரைக்கும் அவளுக்கும் சண்டை முற்றிய நாளில், கீழ்வீட்டு அறை அக்காவுக்குத்தான் என்று அம்மா படுக்கையில் சொன்னபோது பக்கத்தில் நின்றது யார்? சிகாமணிதான். அதை மட்டும் ஊர்ப் பெரியவர்கள் சபையில் சொல்லு, எனக்காகப் பேச வேண்டாம், கேட்டதைச் சொல்லு என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நான் யார் பக்கமும் இல்லை என்றார். சொன்னபோது தன் குரலில் இருந்த நிதானம் அவருக்கே பிடித்திருந்தது. அக்கா, "யார் பக்கமும் இல்லன்னா உனக்கு அக்கறை இல்லன்னு அர்த்தம்லே, அத நேராச் சொல்லு" என்றாள். அன்றைக்கு அவள் படிக்காதவள், இரண்டையும் போட்டுக் குழப்புகிறாள் என்றுதான் நினைத்தார். முப்பத்தாறு. முப்பத்தேழு. அவள் குழப்பவில்லை. அவர் ஒன்றைச் சொல்லிக்கொண்டு இன்னொன்றாக நின்றார், அவள் நின்றதைப் பார்த்துப் பேசினாள். இந்தப் பழக்கடைக்காரியும் யார் பக்கமும் இல்லைதான். ஆனால் அவள் கடையைப் பூட்டிவிட்டு, பஸ் ஏறிக் கோர்ட்டுக்கு வந்து, கூண்டில் நின்று, மண்டிக்காரர் ஆட்கள் வராந்தாவில் நிற்கும்போது, கேட்டதுக்குச் சொல்லுதேன் என்று சொல்லியிருக்கிறாள். நாளைக்கும் அவள் அதே மார்க்கெட்டில்தான் கடை போட வேண்டும். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. இந்த ஒரு பக்கத்தைத் திரும்பத் தட்டச்சு செய்து மாற்றிவிட எட்டு நிமிடம் ஆகும், பச்சை நாடாவை அவிழ்த்துக் கட்ட இரண்டு நிமிடம். மாற்றினால் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். நோட்டில் தவறு என்பதுதான் காரணம். நோட்டில் தவறு என்றால் எப்போதிலிருந்து? ஐம்பது. ஐம்பத்தொன்று. பதினான்கு மாதம் இருக்கிறது ரிட்டயர்மெண்ட்டுக்கு.

"என்ன சார், கல்யாண வீட்ல மொய் எழுதுற மாதிரி வேகமாப் போடுதீங்க?" சொர்ணப்பன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்தான். "மெதுவாப் போடுங்க. மேல ஒண்ணும் குடிமுழுகிப் போகல. சோமசுந்தரம் சார் டீ குடிக்கப் போயிருக்காரு."

"எத்தன மணி வரை மேல வாங்குவாங்க?" என்று ஷர்மிளா பானு கேட்டாள்.

"நாலு மணி வரைக்கும் வாங்கணும். மூணே முக்காலுக்கே பூட்டிருவாங்க. எம்மா, இந்த ஆபீஸ்ல வாங்குறதுக்குத்தான் நேரம் உண்டு, திருப்பிக் குடுக்கிறதுக்கு நேரமே கெடையாது பாத்துக்கிடுங்க."

சிகாமணி கடைசிப் பக்கத்தில் முத்திரையை ஊதி உலர்த்தினார். பெயரை எழுதினார். தெய்வசிகாமணி, எழுத்து எழுத்தாக. கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். ஷர்மிளா பானு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஏதாவது சொன்னால், சத்தமாக, சொர்ணப்பன் முன்னால், இதைக் கொடுக்காதீர்கள் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் கொடுக்கமாட்டார் என்று தோன்றியது. ஏன் அவள் சொல்ல வேண்டும். அவள் கேட்டுவிட்டாள், தாளைக் காட்டிவிட்டாள், அதற்கு மேல் அவள் வேலை அது இல்லை. சொர்ணப்பன் அவர் கைக்கு அடியிலிருந்து கட்டை இழுத்தான், கை தூக்கி இடம் கொடுத்தது. அவ்வளவு எளிதாக. வண்டியின் மேல் அது விழுந்த சத்தம் மற்ற கட்டுகள் விழும் சத்தம்தான். சக்கரம் கிரீச்சிட்டுக்கொண்டு லிஃப்ட் பக்கம் போயிற்று. ஷர்மிளா பானு தன் மேசைக்குப் போய் உட்கார்ந்து, வேறொரு கோப்பைத் திறந்து, அதைப் படிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மின்விசிறியின் ஓர் இறக்கை மட்டும் வளைந்திருந்தது, சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் டக் என்றது. இவ்வளவு நாளும் அது கேட்டதே இல்லை. டக். மேலே சோமசுந்தரம் டீ குடித்துவிட்டு வருவார், கட்டுகளை வாங்கி எண் போடுவார், எண் போட்டபின் அது பிரிவின் காகிதம் இல்லை, கோர்ட்டின் காகிதம். டக். திங்கட்கிழமை பத்தரைக்கு வடக்கத்தி நீதிபதி முப்பத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டுவார், பன்னிரண்டாம் வரியில் பென்சில் நிற்கும், ஓரத்தில் ஒரு சின்னக் கோடு விழும். முத்துக்காளையின் வக்கீல் எழுந்து மாரிக்கனியின் சாட்சியத்தை எடுப்பார், நீதிபதி அந்தக் கோட்டைக் காட்டுவார். வக்கீல் தமிழ் தெரிந்தவர்தானே, மூலத்தைப் படித்துக் காட்டமாட்டாரா? காட்டலாம். இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல், பன்னிரண்டு வழக்கு கையில் இருக்கும், ஆங்கிலக் கட்டைத்தான் புரட்டிக்கொண்டு நிற்பார், எல்லாரும் அதைத்தான் புரட்டுவார்கள், உண்மையான மொழிபெயர்ப்பு என்று கீழே ஒரு மனிதன் எழுதிக் கொடுத்திருக்கிறானே. முத்துக்காளை எப்படி இருப்பான் என்று முதன்முதலாக யோசித்தார். வாக்குமூலத்தில் உயரமில்லை, நிறமில்லை. வயது முப்பத்துநான்கு, படிப்பு இல்லை, தொழில் சுமை. தோளில் வாழைத்தார் இறக்கிய தழும்பு இருக்கும், வாழைப்பால் பட்டுக் கறுத்த சட்டை இருக்கும். தனக்காக ஒருத்தி சொன்னாள் என்பது அவனுக்குத் தெரியும். அவள் அவனுக்கு வேண்டியவள் இல்லை என்பதும் தெரியும். எந்த உறவும் இல்லாத ஒருத்தி எழுந்து நின்று சொன்னாளே என்பதுதான் ஜெயிலில் அவனிடம் இருக்கிற ஒரே நம்பிக்கையாக இருக்கும். அந்த உறவில்லாமையைத்தான் அவர் எடுத்து அலட்சியம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அலட்சியம். யாருடைய அலட்சியம். டக். இதற்கு முன்னால் எத்தனை? எண்ணப் போவதில்லை என்று எண்ணிக்கொண்டார். எண்ண ஆரம்பித்தால் பரமேசுவரனின் பச்சை மையில் போய் நிற்கும். பெரும்பாலான நீதிபதிகள் தமிழர்கள், தவறான சொல்லைத் தாண்டி உள்ளே இருப்பதைப் புரிந்துகொண்டிருப்பார்கள். பெரும்பாலான. அந்த ஆயாவின் வழக்கில் நீதிபதி தமிழரா இல்லையா என்று பார்க்கவில்லையே. தாள் அவருடைய மேசையிலேயே கிடந்தது. நான்கு மடிப்பின் கோடுகள் சிலுவை மாதிரித் தெரிந்தன. அதைத் திருப்பிப் போட்டார். நாற்காலியைப் பின்னால் தள்ளியபோது எழப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. எழுந்தபின்தான் தெரிந்தது.

பிரிவுத் தலைவர் வைகுண்டம் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து பல்லில் சிக்கிய எதையோ நாக்கால் தள்ளிக்கொண்டிருந்தார். சிகாமணி நின்றபடியே சொன்னார். சொல்லச் சொல்ல அது சிறிதாகிக்கொண்டே போயிற்று, ஒரு வரி, ஒரு சொல், சொல்லின் முன்னால் ஒட்டிய இரண்டு எழுத்து.

"இதுக்கா இப்படி வேர்த்துப் போயி நிக்கீரு? உக்காரும்" என்றார் வைகுண்டம். "மேல போனது போனதுதான். ஜட்ஜ் கேட்டா பாத்துக்கிடுவோம்."

"கேக்கமாட்டாரு சார். கேக்கணும்னு அவருக்குத் தெரியாது."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு."

"ஒரு திருத்தக் கடிதம் குடுத்தா போதும். உங்க கையெழுத்துல."

வைகுண்டம் நாக்கை நிறுத்தினார். "நான் கையெழுத்துப் போட்டா பிரிவு தப்புன்னு ஆவும். பிரிவு தப்புன்னா, நோட்டக் கொண்டான்னுவான். நோட்டுல யாரு எழுத்து? உம்ம எழுத்து. எந்த வருசத்துலேர்ந்துன்னு கேப்பான். அத்தன கட்டையும் எடுன்னுவான். வே, நான் உமக்காகத்தான் சொல்லுதேன். பதினாலு மாசம் கண்ண மூடிக்கிட்டுக் கழிச்சீருன்னா மால போட்டு அனுப்பி வைப்போம். அந்தப் புதுப் பொண்ணு கிளப்பிவிட்டுச்சோ?"

"இல்ல. நானாத்தான் பாத்தேன்."

சொன்ன பிறகுதான் அது பொய் என்று உறைத்தது. இந்தப் பொய்யில் யாருடைய பக்கம் நிற்கிறோம் என்று யோசித்தார். கண்ணாடித் தடுப்பில் தன் உருவம் வைகுண்டத்தின் தலைக்கு மேல் மங்கலாகத் தெரிந்தது. "நோட்டை மாத்தணும்னா அடுத்த மாசக் கூட்டத்துல வைப்போம், மெதுவா" என்று வைகுண்டம் சொல்லிக்கொண்டிருந்தார், "புதுசா ஒண்ணு சேக்கிற மாதிரி சேத்துருவோம், பழசு அது பாட்டுக்குக் கெடக்கட்டும்." அது நல்ல யோசனைதான். யாருக்கும் வலிக்காத யோசனை. அப்படித்தான் இந்தக் கட்டடத்தில் எல்லாம் திருந்துகிறது, பழையதன் பக்கத்தில் புதியது வந்து உட்காரும். அடுத்த மாதம் முத்துக்காளைக்குத் தீர்ப்பு வந்திருக்கும். சிகாமணி தலையை ஆட்டினார். அதைச் சம்மதம் என்று வைகுண்டம் எடுத்துக்கொண்டு, மறுபடி பல்லைக் கவனிக்க ஆரம்பித்தார்.

லிஃப்ட் மேலேயே நின்றிருந்தது. படியில் ஏறினார். முதல் வளைவில் மூச்சு வாங்கியது, கைப்பிடிச் சுவரில் பல பேருடைய உள்ளங்கை வழவழப்பு. என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியவில்லை. கொடுத்த கட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றால் சோமசுந்தரம் சிரிப்பார். பிரிவுத் தலைவரின் கடிதம் எங்கே என்பார். கடிதம் இல்லை. இப்போது திரும்பினால்கூட யாருக்கும் தெரியாது, ஷர்மிளா பானு கேட்டால் சொல்லியாயிற்று என்று சொல்லலாம், வைகுண்டத்திடம் சொன்னது உண்மைதானே. சொல்லியாயிற்று. சாத்தான்குளத்துச் சபையில் அவர் சொன்னதும் உண்மைதான், ஒரு பொய்கூட இல்லை அதில். நான் யார் பக்கமும் இல்லை. அம்மா சொன்னதைக் கேட்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. கேட்டேன் என்றும் சொல்லவில்லை. இரண்டாம் வளைவில் ஒரு பல்லி சுவரோடு ஒட்டி அசையாமல் இருந்தது. அக்கா இப்போது தூத்துக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறாள், காது சரியாகக் கேட்பதில்லை என்று யாரோ சொன்னார்கள், இனிமேல் அவளிடம் எதைச் சொன்னாலும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும், பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கும்படி. இந்த நினைப்பு ஏன் இப்போது வருகிறது. மூன்றாம் மாடி. மணி என்ன ஆயிற்று என்று பார்க்கக் கையைத் திருப்பியவர் பார்க்காமலே இறக்கிக்கொண்டார், மூடியிருந்தால் மூடியிருக்கும், அதைக் கடிகாரத்தில் தெரிந்துகொண்டு திரும்ப வேண்டாம்.

மூடவில்லை. ஆனால் உள்வாசலில் பூட்டுத் தொங்கியது, ஊழியர்கள் போய்வருகிற வாசல் அது. வெளியே பொதுமக்கள் கவுண்டர் மட்டும் திறந்திருந்தது. வரிசையில் ஆறேழு பேர், பெரும்பாலும் வக்கீல் குமாஸ்தாக்கள். சிகாமணி நேராகக் கவுண்டரை நோக்கிப் போனார்.

"அண்ணாச்சி, நாங்கெல்லாம் என்ன படம் பாக்கவா நிக்கோம்?" என்றார் வரிசையில் நின்ற ஒரு தொந்திக்காரர். "வால்ல போயி நில்லுங்க."

"ஸ்டாஃபுய்யா அவரு" என்றார் இன்னொருவர்.

"ஸ்டாஃபுக்கு முதுகுல வாலா இருக்கு? நிக்கட்டும்."

சிகாமணி கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்ற மனிதரின் சட்டைக் காலரில் வியர்வை உப்புப் பூத்திருந்தது. பத்தொன்பது வருடமாக இந்தக் கட்டடத்தில் இந்த இடத்தில் நின்றதில்லை, இங்கேயிருந்து பார்த்தால் கவுண்டரின் கண்ணாடி இவ்வளவு அழுக்காக இருக்கும் என்று தெரியாது. உள்ளே இருக்கிறவர்களுக்கு வெளியே தெரிந்துவிடுகிறது, வெளியே இருக்கிறவர்களுக்கு உள்ளே இருப்பது ஒரு நிழல், ஒரு கை, முத்திரைச் சத்தம். ஒருவர் நகர்ந்தார். இன்னொருவர். ஒருவருக்கு ஒரு தாள் குறைந்தது, அவர் கெஞ்சினார், கெஞ்சியது போதாமல் சிரித்தார், பிறகு போனார். இமை துடிப்பது நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தார், கவனித்தவுடன் மறுபடி துடித்தது. கவுண்டரில் இருந்த பிரபாவதி அவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீங்க எங்க சார் இங்க? உங்க செக்ஷன் பேப்பர்னா உங்க ஆபீசர் மூலமால்லா வரணும்."

"அங்க கேட்டாச்சு. அவரு தரமாட்டாரு."

"அப்ப நான் என்ன செய்ய?"

"இன்னைக்கு மூணரைக்கு வந்த கட்டு. திங்கக்கிழமை லிஸ்ட்ல இருக்கு. அதுல ஒரு தப்பு இருக்கு. திருத்தணும்."

"திருத்தணும்னா மனு போடணும். கட்சிக்காரங்கதான் போடுவாங்க. நீங்க எப்படி?"

"மனு போட்டா ஜட்ஜ் முன்னாடி போகுமா?"

"மனுன்னு வந்தா போயித்தான் ஆகணும். திங்கக்கிழமை காலைல கட்டு மேலயே இருக்கும்." அவள் அவரை ஒரு முறை பார்த்தாள், பின்னால் கடிகாரத்தை ஒரு முறை பார்த்தாள், ஒரு படிவத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். "சீக்கிரம் சார். அஞ்சு நிமிசத்துல இழுத்து மூடிருவேன்."

கவுண்டரின் ஓரத்தில் சாய்ந்து எழுதினார். வழக்கு எண். பக்கம் முப்பத்தொன்று, வரி பன்னிரண்டு. இருக்கும் சொல், இருக்க வேண்டிய சொல். அருகருகே எழுதிப் பார்த்தபோது இரண்டும் அண்ணன் தம்பி மாதிரித்தான் இருந்தன, ஒரே வால், தலை மட்டும் வேறு. கோரிக்கைக்கான காரணம் என்ற இடத்தில் சாட்சியின் பதிலைத் தமிழிலேயே எழுதினார், எனக்கு இவனும் வேண்டியவன் இல்ல, செத்தவரும் வேண்டியவர் இல்ல, கேட்டதுக்குச் சொல்லுதேன். அதன்கீழ், 'மொழிபெயர்த்தவன் நான். தவறு என்னுடையது. இதே தவறு முந்தைய வழக்குகளிலும் உண்டு' என்று எழுதினார். மூன்றாவது வாக்கியத்தை எழுதும்போது வைகுண்டத்தின் நாக்கு நினைவுக்கு வந்தது, பதினான்கு மாதம் நினைவுக்கு வந்தது, மாலை நினைவுக்கு வந்தது. பேனா நிற்கவில்லை. கடைசிக் கட்டத்தில், மனுதாரர் என்பதற்கு எதிரே 'தரப்பினர் / மூன்றாம் நபர்' என்று அச்சடித்து, பொருந்தாததை அடித்துவிடும்படி சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

"முடிஞ்சுதா சார்?" என்றாள் பிரபாவதி, முத்திரையை மைப்பஞ்சில் அழுத்திக்கொண்டே. பின்னால் தொந்திக்காரர் யாரிடமோ பஸ் நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். சிகாமணி மூன்றாம் நபர் என்பதன் குறுக்கே ஒரு கோடு போட்டு, படிவத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.